காவல் கேமராவின் கண் மூடாதிருக்க...

பொழுது புலருமுன் கணவனும் மனைவியும் பால்வெட்டுக்குப் புறப்பட்டுவிடுகின்றனர். வீட்டில் மூப்படைந்த தாயாரும், பள்ளிக்குச் செல்ல வேண்டிய பிள்ளைகளும் மட்டுமே இருப்பர். முற்காலத்தில் லயத்து வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ஒரு வீட்டில் ஓசை எழுந்தால் பத்து வீட்டுக்குக் கேட்கும். அண்டை வீட்டாரே ஒருவருக்கொருவர் காவலராக விளங்கினர். இன்றோ தோட்ட மக்களில் பலர் வீடமைப்புப் பகுதிகளுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் குடிபெயர்ந்துவிட்டனர். தோட்டத்திலேயே தங்கிவிட்ட குடும்பங்களின் பிள்ளைகளும் நகரங்களில் வேலை செய்கின்றனர். ஆதலால், வீட்டு வாயிலையும் வீட்டிலுள்ள முதியோரையும் தொலைவிலிருந்து கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ள உதவும் கண்காணிப்புக் கேமரா, இன்று எளிய குடும்பங்களிலும் இடம்பெறலாயிற்று.

எனினும், வாங்கிய சில வாரங்களிலேயே பலர் கூறும் குறை ஒன்றுண்டு. “கேமரா நன்றாகத்தான் இருக்கின்றது, ஆனால் அடிக்கடி தொடர்பு அறுந்துபோகின்றது. பார்க்க வேண்டிய நேரத்தில் படம் வருவதில்லை” என்பதே அது. காவலுக்கென்று வைத்த கண், தேவையான வேளையில் மூடிக்கொள்ளுமாயின், அதனால் பயன் யாது? கேமரா பார்த்துக்கொள்ளும் என்று நம்பி நாம் கவனக்குறைவாக இருந்துவிடுவோமாதலால், அது இல்லாதிருப்பதைக் காட்டிலும் தீமையே மிகுதியாகும். குறைக்கான காரணங்களையும், பெரும்பாலும் பணச் செலவின்றியே அவற்றைக் களையும் வழிகளையும் இக்கட்டுரை விளக்குகின்றது.

தோட்டம் நகரமானபோது

சுபாங் ஜெயாவை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். இன்று மாநகராக விளங்கும் அவ்விடம் முன்னர் சீபீல்டு தோட்டமாக இருந்தது. 1970ஆம் ஆண்டுகளின் இடைப்பகுதியில் அங்கு வீடமைப்புப் பணிகள் தொடங்கின. 1980ஆம் ஆண்டுகளின் இறுதியில் யு.எஸ்.ஜே. பகுதியும் உருவாகத் தொடங்கிற்று. 2020ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் சுபாங் ஜெயா மாநகராகத் தரம் உயர்ந்தது. சீபீல்டு தமிழ்ப்பள்ளி அப்பழைய தோட்டத்தின் பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றது.

மரங்கள் நிரை நிரையாக நின்ற நிலத்தில் இன்று வீடுகள் நிரை நிரையாக நிற்கின்றன. அவற்றுட் பெரும்பாலானவை வரிசை வீடுகள். முகப்புக் குறுகியும், உட்புறம் நீண்டும் அமைந்தவை. முன்புறம் கூடம், நடுவில் அறைகள், பின்புறம் சமையற்கட்டு, அதற்கப்பால் பின்சந்து. இணையக் கம்பி முன்கூடத்துச் சுவரில் வந்து முடிகின்றது. ஆகவே ரௌட்டர் என்னும் இணையப் பெட்டியும் அங்கேயே தொலைக்காட்சியின் அருகில் வைக்கப்படுகின்றது. ஆனால், நாம் அஞ்ச வேண்டியது ஆள் நடமாட்டமற்ற பின்சந்தையன்றோ? ஆதலால் கேமராவைப் பின்கதவில் பொருத்துகின்றோம். பெட்டிக்கும் கேமராவுக்கும் இடையில் மூன்று செங்கற்சுவர்கள், குளிர்சாதனப் பெட்டி, இரும்புக் கிராதி, துத்தநாகத் தகட்டுக் கூரை ஆகியவை நிற்கின்றன. தொடர்பு அறுபடுவதற்கு இதுவே முதற்காரணம்.

வைஃபை என்பது யாது?

வானொலி நிலையத்திலிருந்து நம் வீட்டு வானொலிப் பெட்டிக்கு ஒலி வருவது அலைகளின் வழியாகவே என்பதை நாம் அறிவோம். வைஃபையும் அத்தகைய வானொலி அலையே. அதற்கான முதல் தொழில்நுட்பத் தரம் 1997ஆம் ஆண்டில் வெளியாயிற்று. வைஃபை என்னும் பெயர் 1999ஆம் ஆண்டு முதல் வழங்கி வருகின்றது. வானொலி நிலையம் பேசும், நாம் கேட்போம். வைஃபையிலோ இரு தரப்பும் பேச வேண்டும். ரௌட்டர் சொல்வதைக் கேமரா கேட்க வேண்டும். கேமரா அனுப்பும் படத்தை ரௌட்டர் பெற்றுக்கொள்ள வேண்டும்.

இரப்பர் மரங்களுக்கிடையே இருவர் நின்று ஒருவரையொருவர் கூவி அழைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அருகில் நின்றால் மெல்லப் பேசினும் கேட்கும். தொலைவு கூடக் கூடக் குரல் தேயும். நடுவில் மேடு இருந்தால் இன்னும் தேயும். அதே நேரத்தில் வேறு பத்துப் பேர் கூவினால், யார் என்ன சொன்னார் என்பதே விளங்காது. ஒருவர் களைத்துச் சோர்ந்துவிட்டால் மறுமொழியே வராது. தொலைவு, தடை, குறுக்கீடு, மின்சாரக் குறைவு ஆகிய நான்கும் வைஃபையின் குறைகளுள் முதன்மையானவை.

குறை எங்கே உள்ளது?

நோயறியாமல் மருந்து கொடுத்தல் கூடாது. கேமரா நின்றவுடன் புதிய ரௌட்டர் வாங்க ஓடுவதும், கேமராவைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுப்பதும் வீண் செலவாக முடியக்கூடும். முதலில் கீழ்க்காணும் மூன்று சோதனைகளையும் செய்து பாருங்கள்.

முதற்சோதனை: கேமரா நின்றிருக்கும் வேளையில், உங்கள் கைப்பேசியின் சொந்த இணையத்தை அணைத்துவிட்டு, வீட்டு வைஃபையில் மட்டும் இணையுங்கள். ஏதேனும் ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். அதுவும் திறக்கவில்லையாயின் கேமராவின்மீது பெரும்பாலும் குற்றமில்லை. வீட்டுக்கு வரும் இணையமே நின்றிருக்கின்றது என்று பொருள். சேவை நிறுவனத்திடம் முறையிட வேண்டும். பக்கம் திறக்குமாயின் அடுத்த சோதனைக்குச் செல்லலாம்.

இரண்டாம் சோதனை: கேமராவைக் கழற்றி, ரௌட்டர் இருக்கும் அறையிலேயே, அதனிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி வைத்து ஓர் இரவும் ஒரு பகலும் விட்டுவையுங்கள். அங்கே தொடர்பு அறுபடாமல் இருந்தால் குறை தொலைவிலும் சுவரிலும் உள்ளது. அங்கேயும் அறுபடுமாயின் குறை மின்சாரத்திலோ, அமைப்பிலோ, கேமராவிலோ உள்ளது.

மூன்றாம் சோதனை: தொடர்பு அறும் நேரத்தை ஒரு தாளில் குறித்து வையுங்கள். நாள்தோறும் அந்தி சாய்ந்ததும் அறுபடுகின்றதா? சமைக்கும் வேளையிலா? அண்டை வீட்டார் அனைவரும் வீடு திரும்பிய இரவு வேளையிலா? மழை பெய்யும்போதா? ஒரு வாரக் குறிப்பு, நூறு வெள்ளி கொடுத்து அழைத்து வரும் ஆளைக் காட்டிலும் மிகுதியாக உங்களுக்கு உண்மையை உரைக்கும்.

தொலைவும் சுவரும்

பெரும்பாலான கேமராச் செயலிகளில் அலையின் வலிமை காட்டப்படும். சிலவற்றில் அது கோடுகளாகவும், சிலவற்றில் கழித்தற்குறியுடன் கூடிய எண்ணாகவும் தோன்றும். எண்ணாகத் தோன்றுமாயின், கழித்தல் 50 என்பது மிக நன்று. கழித்தல் 67 வரை காணொளிக்குப் போதுமானது. கழித்தல் 75ஐத் தாண்டினால் தொடர்பு அடிக்கடி அறும். கழித்தல் 80க்கு அப்பால் பயனில்லை. கழித்தற்குறி இருப்பதால் எண் பெரிதாகப் பெரிதாக அலை மெலிகின்றது என்பதை மறத்தலாகாது. மூன்று எண் கூடும்போது அலையின் ஆற்றல் பாதியாகக் குறைகின்றது.

இதற்குச் செலவில்லாப் பரிகாரம், ரௌட்டரை இடம் மாற்றுவதே. அதனைத் தரையிலோ, தொலைக்காட்சிக்குப் பின்னாலோ, இரும்பு அலமாரிக்குள்ளோ வைத்தல் தவறு. நெஞ்சளவு உயரத்தில், திறந்த இடத்தில், இயன்றவரை வீட்டின் நடுப்பகுதியில் வைக்க வேண்டும். பெரிய நிலைக்கண்ணாடி, மீன்தொட்டி, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றின் அருகில் வைத்தலும் ஆகாது. நீரும் உலோகமும் அலைகளைத் தடுக்கும் தன்மையுடையன. தோட்ட வீடுகளில் அலை மரங்களின் வழியே செல்ல நேருமாயின், மழையில் நனைந்த இலைகள் அதனை மேலும் உறிஞ்சிவிடும். மழைநாளில் மட்டும் கேமரா நிற்பதற்கு இது ஒரு காரணமாகும்.

கேமராவையும் ஓரிரு அடி நகர்த்திப் பாருங்கள். இரும்புக் கிராதியின் பின்னால் இருந்ததைச் சுவரோரம் மாற்றியதனாலேயே தொடர்பு சீர்பெறுவதுண்டு. வெளிச்சுவரில் வைப்பதற்குப் பதில் சன்னலுக்கு நேராக வைத்தால் அலைக்கு வழி கிடைக்கும்.

இவ்வாறு செய்தும் போதவில்லையாயின், அலையை வாங்கி மீண்டும் அனுப்பும் துணைக்கருவி ஒன்றை வாங்கலாம். கடைகளில் அதனை ரிப்பீட்டர் என்பர். அதனைக் கேமராவின் பக்கத்தில் செருகிவைப்பது பலரும் செய்யும் தவறு. அங்கே வரும் அலையே நைந்த அலையாயிற்றே! நைந்ததைத் திரும்ப அனுப்பினாலும் நைந்ததாகவே இருக்கும். ரௌட்டருக்கும் கேமராவுக்கும் நடுவழியில், அலை இன்னும் வலுவாயுள்ள இடத்தில் அதனை வைத்தல் வேண்டும். பொதுவாக இத்தகைய கருவி வேகத்தை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்துவிடும். எனினும் ஒரு கேமராவுக்கு அது பெரும்பாலும் போதும்.

இரு அலைவரிசைகள்

இக்காலத்து ரௌட்டர்களுட் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரு வரிசைகளில் அலைகளை அனுப்புகின்றன. முன்னது மெதுவானது, ஆயினும் சுவர்களை ஊடுருவிச் சற்றுத் தொலைவு செல்லும். பின்னது விரைவானது, ஆனால் சுவர்களைக் கடப்பதில் வலிமை குன்றியது. விலை மலிந்த கேமராக்களுட் பெரும்பாலானவை 2.4 வரிசையை மட்டுமே அறியும்.

ரௌட்டர் இரண்டு வரிசைகளுக்கும் ஒரே பெயரைச் சூட்டியிருந்தால், முதன்முறை இணைக்கும்போது கைப்பேசி 5 வரிசையில் நிற்க, கேமரா 2.4 வரிசையைத் தேட, இரண்டும் சந்திக்காமலே போய்விடுவதுண்டு. ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் இரண்டு வரிசைகளுக்கும் வெவ்வேறு பெயர் கொடுத்துவிட்டு, கேமராவை 2.4 வரிசையில் இணைப்பதே இதற்குத் தீர்வாகும். பின்கதவுக் கேமரா இரண்டு வரிசைகளையும் அறிந்ததாயினும், தொலைவு கருதி 2.4 வரிசையே அதற்கு ஏற்றது.

அண்டை வீட்டாரின் அலைகள்

வரிசை வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் வாழ்வோருக்குத் தனித்தொல்லை ஒன்றுண்டு. உங்கள் கைப்பேசியில் வைஃபைப் பட்டியலைத் திறந்து பாருங்கள். பத்து, இருபது பெயர்கள் தோன்றும். அவை யாவும் அண்டை வீட்டாருடைய ரௌட்டர்கள். எல்லாரும் ஒரே வேளையில் பேசினால் என்னாகும் என்பதை முன்னரே கண்டோம்.

2.4 வரிசையில் நம் நாட்டில் 13 தடங்கள் பயன்பாட்டிலுள்ளன. ஆனால் ஒவ்வொரு தடமும் அடுத்த தடத்தின்மீது சாய்ந்திருக்கின்றது. தடங்களுக்கிடையேயுள்ள இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ். ஒரு ரௌட்டருக்கு வேண்டிய அகலமோ 20 மெகாஹெர்ட்ஸ். ஆகையால் ஒன்றையொன்று உரசாதவையாகப் பொதுவில் கொள்ளப்படுபவை 1, 6, 11 ஆகிய மூன்று தடங்களே. இம்மூன்றில் நெரிசல் குறைந்த ஒன்றைத் தேர்ந்து ரௌட்டரில் நிலையாக அமைத்தல் வேண்டும். எத்தடத்தில் நெரிசல் குறைவு என்பதைக் காட்டும் இலவசச் செயலிகள் உள்ளன. தடத்தின் அகலம் 40 என்று குறிக்கப்பட்டிருந்தால் அதனை 20 என மாற்றுக. விரைவு சற்றுக் குறைந்தாலும் உறுதி கூடும். காவலுக்கு வேண்டுவது உறுதியே.

சமைக்கும் வேளையில் மட்டும் படம் அறுபடுமாயின் மைக்ரோவேவ் அடுப்பின்மீது ஐயங்கொள்க. அவ்வடுப்பும் ஏறக்குறைய 2.45 கிகாஹெர்ட்ஸ் அளவிலேயே இயங்குகின்றது. அதனருகிலிருந்து ரௌட்டரையோ கேமராவையோ விலக்கி வைத்தால் போதும்.

மின்சாரமும் மின்னலும்

பகலெல்லாம் நன்றாயிருந்து, இருட்டியதும் அணைந்து அணைந்து எரியும் கேமராக்கள் பலவுண்டு. இதனைப் பலர் வைஃபைக் குறை என்றே எண்ணி ஏமாறுகின்றனர். உண்மை வேறு. இருளில் பார்ப்பதற்காகக் கேமராவிலுள்ள அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்குகின்றன. அப்போது அதற்கு வேண்டிய மின்சாரம் கூடுகின்றது. மெல்லிய நீண்ட கம்பியையோ, கைப்பேசியின் பழைய மின்னேற்றியையோ பயன்படுத்தியிருந்தால், அம்மின்சாரம் போதாமல் கேமரா தானாகவே அணைந்து மீண்டும் எழுகின்றது. கேமராவின் அடியில் 5 வோல்ட், 1 ஆம்பியர் அல்லது 2 ஆம்பியர் என எழுதப்பட்டிருக்கும். அவ்வளவைத் தரும் மின்னேற்றியையும், உடன் வந்த கம்பியையும் பயன்படுத்துங்கள். கம்பியை நீட்டவேண்டுமாயின் மெல்லிய கம்பியை நீட்டாமல், மின்செருகியைக் கேமராவின் அருகில் கொண்டுசெல்வதே முறை. அப்பணியைத் தகுதிபெற்ற மின்பணியாளரைக் கொண்டு செய்வித்தல் வேண்டும்.

கிள்ளான் பள்ளத்தாக்கு உலகில் இடிமின்னல் மிகுந்த இடங்களுள் ஒன்று. ஆண்டில் ஏறக்குறைய 200 நாள்கள் இடியோசை கேட்கும் பகுதி அது. மின்னலின்போது மின்கம்பி வழியே பாயும் திடீர் அழுத்தம் ரௌட்டரையும் கேமராவையும் பழுதாக்கிவிடும். முற்றிலும் பழுதாகாமல் அரைகுறையாகக் கெட்ட பெட்டி, அடிக்கடி தொடர்பு அறுவதன் மூலம் தன் நோயைக் காட்டும். மின்னழுத்தத் தடுப்புள்ள செருகுபலகையை வாங்கிவைத்தல் நன்று. கடும் இடியின்போது ஆளிருக்கும் வீட்டில் செருகியைக் கழற்றிவிடுதல் இன்னும் நன்று. ஆனால் இடி நெருங்குமுன்னரே கழற்றிவிட வேண்டும்.

மின்சாரம் தடைபட்டால் ரௌட்டர் நின்றுவிடும். அதனோடு கேமராவும் குருடாகிவிடும். ரௌட்டரையும், ஒளியிழைக் கம்பி வந்து சேரும் பெட்டியையும், கேமராவையும் சில மணிநேரம் இயக்கக்கூடிய சிறு மின்கலப் பெட்டிகள் கடைகளில் கிடைக்கின்றன. வாங்குமுன் உங்கள் ரௌட்டரின் அடியில் எழுதியுள்ள வோல்ட் அளவைக் குறித்துக்கொண்டு செல்லுங்கள்.

முகவரியும் மென்பொருளும்

ரௌட்டர் தன்னோடு இணையும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் முகவரியை வழங்குகின்றது. அம்முகவரி நிலையானதன்று, குறித்த காலத்திற்குப் பின் புதுப்பிக்கப்பட வேண்டும். சில கேமராக்கள் அவ்வேளையில் தடுமாறி நின்றுவிடும். ஒரே முகவரி இரண்டு கருவிகளுக்குச் சென்றுவிடுவதும் உண்டு. ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் கேமராவுக்கென ஒரு முகவரியை நிலையாக ஒதுக்கிவிட்டால் இத்தொல்லை நீங்கும்.

பாதுகாப்பு முறையையும் கவனிக்க வேண்டும். புதிய ரௌட்டர்களில் டபிள்யூ.பி.ஏ. 3 என்னும் முறை உள்ளது. பழைய கேமராக்கள் பல அதனை அறியா. அவ்வாறாயின் டபிள்யூ.பி.ஏ. 2 முறையையோ, இரண்டும் கலந்த முறையையோ தேர்ந்தெடுக்கலாம். பாதுகாப்பே இல்லாத திறந்த முறையை மட்டும் எக்காரணங்கொண்டும் தேர்ந்தெடுக்கலாகாது.

கேமராவுக்கும் ரௌட்டருக்கும் அவற்றைச் செய்த நிறுவனங்கள் அவ்வப்போது மென்பொருள் திருத்தம் வெளியிடுகின்றன. செயலியில் அதற்கான அறிவிப்பு வந்தால் தள்ளிப்போடாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். திருத்தம் நடைபெறும்போது மின்சாரத்தை அணைத்தல் கூடாது. ரௌட்டரை வாரம் ஒருமுறை அணைத்து, அரை நிமிடம் பொறுத்து மீண்டும் இயக்குவது எளிய பழக்கம். அது பல சிறு குறைகளைப் போக்கும். ஆனால், நாள்தோறும் அவ்வாறு செய்தாலன்றிக் கேமரா இயங்காது என்னும் நிலை வந்தால், நோய் வேறெங்கோ உள்ளது என்றறிக.

இணையத்தின் அளவு

இணையத்திலிருந்து நாம் பெறும் விரைவையே விளம்பரங்கள் பெரிதாகக் கூறும். கேமராவுக்கு வேண்டுவதோ அனுப்பும் விரைவு. தெளிவான படம் அனுப்பும் கேமரா ஒன்றுக்கு விநாடிக்கு 1 முதல் 2 மெகாபிட் வரை அனுப்பும் விரைவு வேண்டும். நான்கு கேமரா வைத்தால் அதற்கேற்ப நான்கு மடங்கு வேண்டும். ஒளியிழை இணைப்பில் இது எளிது. தோட்டத்து வீட்டில் கைப்பேசிச் சிம் அட்டையைக் கொண்டு இயங்கும் ரௌட்டராயின், அனுப்பும் விரைவு நேரத்திற்கு நேரம் மாறும்.

அளவையும் கணக்கிட வேண்டும். விநாடிக்கு 1 மெகாபிட் வீதம் இடைவிடாமல் இணையத்திற்கு அனுப்பும் கேமரா, ஒரு நாளில் ஏறக்குறைய 10.8 கிகாபைட் செலவிடும். 30 நாளில் அது 324 கிகாபைட் ஆகும். மாதம் 100 கிகாபைட் மட்டுமே தரும் சிம் அட்டை பத்து நாள்களுக்குள் தீர்ந்துவிடும். அதன்பின் நிறுவனம் விரைவைக் குறைக்க, கேமரா நிற்கும். மாதத்தின் முற்பகுதியில் நன்றாயிருந்து பிற்பகுதியில் கெட்டுப்போகும் கேமராவின் மர்மம் பெரும்பாலும் இதுவே. அசைவு தெரியும்போது மட்டும் அனுப்பும்படி அமைப்பதும், படத்தின் தெளிவை ஒரு படி குறைப்பதும் இதற்கு மருந்தாகும்.

நாட்டின் இணைய வசதியை மேம்படுத்த 2020ஆம் ஆண்டில் ஜெண்டெலா திட்டம் தொடங்கப்பெற்றது. அதன் பகுதியாக மூன்றாம் தலைமுறைக் கைப்பேசிச் சேவை 2021ஆம் ஆண்டின் இறுதியில் நிறுத்தப்பட்டது. ஆகவே மூன்றாம் தலைமுறைக்கென மட்டும் செய்யப்பட்ட பழைய ரௌட்டரை மலிவாகக் கிடைக்கின்றது என்று வாங்கிவிடாதீர்கள்.

நினைவட்டையும் கம்பியும்

வைஃபை எவ்வளவு சீராயிருப்பினும் ஒருநாள் அறுபடக்கூடும். அந்த நாளுக்காகக் கேமராவில் நினைவட்டை ஒன்றைச் செருகிவைத்தல் அறிவுடைமை. தொடர்பு அறுந்திருக்கும் போதும், மின்சாரம் இருக்கும்வரை கேமரா அதில் பதிவு செய்துகொண்டே இருக்கும். மேற்கூறிய கணக்கின்படி 32 கிகாபைட் அட்டையில் ஏறக்குறைய மூன்று நாள் பதிவு அடங்கும். அதன்பின் பழையது அழிந்து புதியது பதியும். அட்டை திருடன் கைக்குப் போகாதிருக்கக் கேமராவை எட்டாத உயரத்தில் பொருத்துக.

கம்பி வழி இணைப்பே யாவற்றினும் உறுதியானது என்பதையும் அறிந்திருத்தல் நலம். கேமராவில் அதற்கான துளை இருக்குமாயின், இணையக் கம்பியை 100 மீட்டர் வரை இழுக்கலாம். சில கேமராக்களுக்கு அதே கம்பி வழியாகவே மின்சாரமும் செல்லும். முன்வாயில், பின்கதவு ஆகிய இரண்டுக்கும் கம்பியும், உள்ளறைக் கேமராவுக்கு வைஃபையும் எனப் பகுத்துக்கொள்வது சிறந்த ஏற்பாடாகும். வெளியே செல்லும் கம்பிக்கு மின்னற்காப்பு வேண்டும்.

மறைச்சொல்லில் அசட்டை வேண்டா

தொடர்பு சீரானபின் செய்ய வேண்டிய முதற்பணி மறைச்சொல்லை மாற்றுவதே. 2016ஆம் ஆண்டில் மிராய் என்னும் தீய மென்பொருள் உலகெங்கும் பரவிற்று. தொழிற்சாலையில் இட்ட மறைச்சொல்லை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரௌட்டர்களையும், அறுபதுக்கு மேற்பட்ட வழக்கமான மறைச்சொற்களைக் கொண்டு அது திறந்து தன்வயப்படுத்திற்று. அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள், அவ்வாறு கைப்பற்றப்பட்ட கருவிகள் ஒன்றுசேர்ந்து டைன் என்னும் இணைய நிறுவனத்தைத் தாக்கியதால், அமெரிக்காவில் பெயர்பெற்ற இணையத்தளங்கள் பல சில மணிநேரம் செயலிழந்தன. வீட்டுக் காவலுக்கு வைத்த கருவியே பிறர் கையில் படைக்கலமாகிவிட்டது.

அத்தகைய மென்பொருள் புகுந்த கேமரா, பிறருக்காக உழைத்துக்கொண்டிருப்பதால் உங்களுக்குத் தடுமாறும். ஆதலால் ரௌட்டருக்கும் கேமராச் செயலிக்கும் வெவ்வேறான நீண்ட மறைச்சொற்களை அமையுங்கள். பிறந்த நாளையும், வண்டி எண்ணையும் பயன்படுத்தற்க. ரௌட்டரில் விருந்தினர் வைஃபை என ஒரு பிரிவு இருந்தால், கேமராவை அதில் இணைத்து, குடும்பத்தார் வங்கிக் கணக்குப் பார்க்கும் கைப்பேசிகளை வேறு பிரிவில் வைத்துக்கொள்ளலாம். ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறக்கத் தெரியாதவர்கள், பள்ளியில் கணினி பயிலும் பிள்ளைகளையோ, நம்பிக்கைக்குரிய உறவினரையோ அருகில் அமர்த்திச் செய்யலாம். முன்பின் அறியாத எவரேனும் தொலைபேசியில் அழைத்து, கேமராவைச் சரிசெய்வதாகக் கூறி மறைச்சொல் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.

கேமராவைப் பொருத்தும் திசையிலும் நாகரிகம் வேண்டும். அண்டை வீட்டாரின் வாயிலையோ சன்னலையோ நோக்கி அமைத்தல் தகாது. குளியலறையிலும் படுக்கையறையிலும் வைத்தல் அறவே கூடாது. முதியவர் இருக்கும் கூடத்தில் வைப்பதாயின், அவரிடம் எடுத்துக்கூறி அவர் இசைவைப் பெற்று வைப்பதே பிள்ளைகளுக்கு அழகு.

இறுதியாக ஒன்று. கேமரா காட்டுமேயன்றித் தடுக்காது. வைஃபை அலையைக் குலைக்கவும், மின்சாரத்தைத் துண்டிக்கவும் தெரிந்த திருடர்களும் உளர். உறுதியான பூட்டும், எரியும் விளக்கும், நல்ல அண்டை வீட்டாரும் இன்றளவும் முதற்காவலே. கேமராவில் திருடனைக் கண்டால் தனியே எதிர்கொள்ளத் துணியாமல் 999க்கு அழையுங்கள். படம் நின்றுபோய், வீட்டிலுள்ள தாயாரும் தொலைபேசியை எடுக்காத வேளையில், ஓடிச் சென்று கதவைத் தட்டிப் பார்க்க ஓர் அண்டை வீட்டாரின் எண் உங்கள் கைப்பேசியில் இருக்கட்டும்.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பர். ஆகவே, வரும் ஓய்வு நாளில் ஒரு மணிநேரம் ஒதுக்குங்கள். மேற்கூறிய மூன்று சோதனைகளையும் செய்யுங்கள், ரௌட்டரை நல்ல இடத்திற்கு மாற்றுங்கள், மின்னேற்றியைச் சரிபாருங்கள், மறைச்சொல்லை மாற்றுங்கள். இந்நான்கிற்கும் ஒரு காசும் செலவில்லை. மறுநாள் விடியுமுன் நிரைக்குச் செல்லும்போது, வீட்டிலுள்ளோர் நலமாயிருப்பதைக் கைப்பேசியில் கண்டு, கவலையின்றி உளியைக் கையிலெடுக்கலாம்.